பந்து உருண்டுபோகும் இடம்

எங்கள் பள்ளிக்கூடம் மரத்தூண்களின் மேல் நிற்கிறது. பலகைத் தரை, மூங்கில் தட்டிச் சுவர், தகரக் கூரை. தரைக்கு அடியில் ஆள் குனிந்து நடக்கிற அளவுக்கு இடம் உண்டு. பையன்கள் உதைக்கிற பந்து திடலைத் தாண்டினால் நேரே அங்கேதான் உருண்டுபோய் நிற்கும். எந்தப் பையனும் போய் எடுக்கமாட்டான். மேலே பலகையில் பெண்பிள்ளைகள் நடக்கிறார்களே! பெண்ணின் காலுக்குக் கீழே ஆணின் தலை போனால் எங்கள் மலைட்டாத் தீவில் அது தீட்டு. முழுகினால் போகிற தீட்டு இல்லை. அந்தப் பெண்ணின் தகப்பன்வழி ஆட்கள் பன்றியும் சிவப்புச் சிப்பிமாலையும் கொடுத்துத்தான் தீர்க்கவேண்டும்.

அதனால் பந்தை எடுக்க மெரோலின்தான் ஓடுவாள். பாவாடையை முழங்காலில் செருகிக்கொண்டு உள்ளே நுழைந்து, பந்தோடு ஒரு கொத்து ஒட்டடையையும் தலைமுடியில் சேர்த்துக்கொண்டு வெளியே வருவாள். "எப்பப் பாரு என்னையே ஓட விடுறீங்களே, ஒரு பாக்காவது குடுங்கடா" என்று பையன்களை மிரட்டுவாள். மலைமேல் ஊரிலிருந்து வருகிற அனிசி மட்டும் உண்மையாகவே ஒரு பாக்கைக் கொண்டுவந்து கொடுப்பான்.

அவள் ஆறாம் வகுப்பு. நான் அடுத்த தட்டிக்கு அந்தப்பக்கம் சின்ன வகுப்பு எடுக்கிறவள், எத்தெல் டீச்சர். என்னிடம் எழுத்துப் படித்த பிள்ளைதான். அப்பன் கடலில் போனவன், திரும்பவில்லை. அம்மா நெஸ்டா பள்ளிக்கூடத்தை ஒட்டிய குடிசையில் மாவு உருண்டை பொரித்து விற்கிறாள். மெரோலின் சட்டையில் ஓடாத கைக்கடிகாரம் ஒன்றை ஊக்கால் குத்தித் தலைகீழாகத் தொங்கவிட்டிருப்பாள். தலைநகர் ஹோனியாராவின் ஆஸ்பத்திரியில் நர்சுகள் அப்படித்தான் குத்தியிருப்பார்களாம். யார் கையைப் பிடித்தாலும் நாடி பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் ரெண்டு நாள் தாங்குவீங்க" என்பாள். ஆறாம் வகுப்புப் பரீட்சையில் தேறினால் கப்பலேறி ஹோனியாராவுக்குப் படிக்கப் போகலாம். தேறாவிட்டால் அம்மாவோடு மாவு உருட்டலாம். மூன்றாவது வழி எங்கள் ஊரில் கிடையாது.

ஆறாம் வகுப்பு எடுப்பவர் க்ளெமென்ட் சார். தலைமை ஆசிரியரும் அவரே. இதே தீவின் தென்கோடிக்காரர்தான், ஆனால் கடல் கடந்து வேறு நாட்டில் சூவா நகரத்தில் படித்துவிட்டு வந்தவர். இந்தப் புழுக்கத்தில் கறுப்பு பூட்ஸ் போட்டுக்கொண்டு திரிவார். எங்கள் பழக்கம் எதைச் சொன்னாலும் "காட்டுத்தனம்" என்பார். வாயில்தான் அது. தண்ணீர்க் குழாய் நெஸ்டாவின் குடிசைக்குப் பின்னால் இருக்கிறது. நேர் வழியில் போனால் அவள் பாவாடைகள் காய்கிற கயிற்றுக்குக் கீழே தலை போகும், அதுவும் தீட்டு. மனிதர் ஒருநாளும் போனதில்லை. சர்ச்சின் பன்றிப் பட்டியைச் சுற்றிக்கொண்டு, மழையிலும் சேற்றிலும் பூட்ஸ் புதையப் புதைய நடந்து போவார். பெண்கள் நாங்கள் பார்த்துப் பார்த்துச் சிரிப்போம்.

"சூவா படிப்பு சேத்துல போகுது பாரு" என்பாள் நெஸ்டா. வேறு யாரும் கேட்காதபடிதான் சொல்வாள்.

வினை ஒரு கல்வி அதிகாரி வடிவில் வந்தது. ஹோனியாராவிலிருந்து படகில் வந்தவர், ஆறாம் வகுப்பில் போய் நின்று, 'ஓவர்' என்ற இங்கிலீஷ் சொல்லை வைத்து ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னார். முதல் பையன் எழுந்து, "கேம் ஓவர், சார்" என்றான். கடைக்கார சீனனின் மகன் கைபேசியில் விளையாடுகிற விளையாட்டில் அப்படித்தான் வரும். இரண்டாவது பையனும் "கேம் ஓவர், சார்." மூன்றாவதும் அதுவே. வரிசை முழுக்க அதுவேதான். அதிகாரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மெரோலினுக்கு முறை வருவதற்குள், "போதும், போதும், எனக்கே கேம் ஓவர்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். க்ளெமென்ட் சார் முகத்தைப் பார்க்கவேண்டுமே, சுண்ணாம்பு அப்பினாற்போல இருந்தது.

பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? எங்கள் பிஜின் பேச்சில் 'லாங்' என்று ஒரே ஒரு சொல் இருக்கிறது. மேல், உள், பக்கம், அங்கே, அங்கிருந்து எல்லாவற்றுக்கும் அதையே போட்டுவிட்டு, மிச்சத்தை உதட்டைக் குவித்துக் காட்டிவிடுவோம். வெள்ளைக்காரன் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறான், அந்தச் சொல்லுக்கும் ஒன்பது வேலை கொடுத்திருக்கிறான்.

அந்த வாரம் முழுக்க ஆறாம் வகுப்பில் 'ஓவர்' தவிர வேறு பாடமே இல்லை. தட்டிக்கு இந்தப்பக்கம் என் காதே புளித்துவிட்டது. பறவை கடலுக்கு மேலே பறந்தால் ஓவர். பந்து வேலியைத் தாண்டினால் ஓவர். மழை விட்டால் ஓவர். பத்துக்கு அதிகமானால் ஓவர். மாலுமிகளை அதட்டுகிற கப்பல் தலைவன் அவர்களுக்கு ஓவர். செத்த பிள்ளைக்காகத் தாய் அழுதாலும் ஓவர். தப்பாகச் சொன்னால் பிரம்பு.

மெரோலின் மத்தியானம் என்னிடம் வந்து, "அந்தச் சொல்லு பாவம் டீச்சர்" என்றாள்.

"ஏண்டி?"

"எவ்ளோ வேல பாக்குது! சம்பளம் ஒரே சம்பளந்தான்."

"உனக்கு எல்லாம் வந்துடுச்சா?"

"எனக்கு வந்துடுச்சு. பசங்களுக்குத்தான் வரல. சாருக்குக் கோவம் ஓவர்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே ஓடினாள்.

மறுநாள் காலை, என் பொடிசுகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப்பக்கம் மேசை இழுபடுகிற சத்தம். பிறகு க்ளெமென்ட் சார் குரல்.

"மெரோலின், மேசை மேல ஏறு."

"வேணாம் சார்."

"ஏறுன்னா ஏறு."

"சார், பசங்க இருக்காங்க சார்."

"பசங்க இருக்கணும். அதுக்குத்தான் ஏறச் சொல்றேன். அனிசி, நீ மேசைக்கு அடியில போ. நீங்க ரெண்டு பேரும் அவன் பின்னால போங்க."

பாட்டை நிறுத்திவிட்டுத் தட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். அதற்குள் அனிசி, "அடிங்க சார், எவ்ளோ வேணா அடிங்க. போகமாட்டேன்" என்று கத்துகிறான். பிரம்பு விழுகிற சத்தம் கேட்கிறது. தட்டி இடுக்கில் பார்த்தேன், அவன் அசையவில்லை. க்ளெமென்ட் சார் பிரம்பைக் கீழே போட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "போகாதவன் யாரும் பரீட்சைக்கு உக்கார முடியாது. அப்பன்கிட்டப் போய் நீயே சொல்லிக்க."

நான் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அனிசி நாலு காலில் மேசைக்கு அடியில் இருந்தான். மற்ற இருவரும் அவன் பின்னால். மேலே மெரோலின் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பாவாடையைக் காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கால் விரல்களை உள்ளே மடக்கி வைத்திருந்தாள், முடிந்தவரை சின்னதாக இருக்கவேண்டும் என்பதுபோல.

"மெரோலின் இஸ் ஓவர் அனிசி" என்றார் க்ளெமென்ட் சார். "எல்லாரும் சொல்லுங்க."

யாரும் சொல்லவில்லை.

"நீங்க மனுசன்தானா?" என்று கத்தினேன். போய் அவளை இடுப்பைப் பிடித்துத் தூக்கி இறக்கினேன்.

"உங்க கிளாஸைப் பாருங்க டீச்சர்" என்றார் அவர். "இனிமே சாகுறவரைக்கும் இவனுங்களுக்கு இந்தச் சொல்லு மறக்காது."

அதுமட்டும் நிஜம். அனிசி வெளியே வந்து, அவளைப் பார்க்காமல், யாரையும் பார்க்காமல், படியிறங்கிக் கடலுக்குப் போனான். வாந்தி எடுத்தான். பிறகு மலைமேல் ஏறிப் போய்விட்டான். அவன் ஊரில் ஆண்கள் மட்டும் படுக்கிற வீட்டுக்குள் நுழையாமல் வெளியிலேயே நின்றுகொண்டிருந்தானாம். தகப்பன் இரோமேயா ஏன் என்று கேட்டிருக்கிறார். பையன் சொல்லியிருக்கிறான்.

இரோமேயா தன் தம்பிமாரோடு இறங்கி வந்தார். கையில் வெட்டுக்கத்தி, வாயில் பாக்கு. சத்தம் போடவில்லை. திடல் ஓரத்தில் உட்கார்ந்து, சுண்ணாம்புக் குடுவையைத் திறந்து, நிதானமாக மென்றுகொண்டு, நெஸ்டாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"பொண்ணு மேல எனக்குக் கோவம் இல்லம்மா" என்றார். "நல்ல பொண்ணு. ஆனா செத்துப்போன எங்க பெரியவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல? எம்மவன் உள்ள வந்து படுக்கமாட்டேங்குறான். உம் புருசன் ஆளுங்க பன்னியும் மாலையும் கொண்டுவரட்டும். அதுவரைக்கும் இந்தப் பசங்க இருக்குற தரையில உம்பொண்ணு ஏறக்கூடாது. ஏறுனா, பள்ளிக்கூடம் நிக்காது."

"திங்கக்கிழம பரீட்ச அண்ணே" என்றாள் நெஸ்டா.

"எனக்குத் தெரியும்."

அவள் புருஷனின் அண்ணன் தம்பிகள் எல்லாம் தூரத்துத் தீவில் தென்னந்தோப்பில் வேலை பார்க்கிறார்கள். சொல்லியனுப்பினாலும் அடுத்த கப்பல் பரீட்சைக்குப் பிறகுதான். என் பன்றியைத் தருகிறேன் என்று நான் சொன்னேன். இரோமேயா வேண்டாமென்று தலையாட்டினார். "உங்க மனசு பெருசு டீச்சர். ஆனா அது அப்பன் வழியில வரணும். கண்டவங்க பன்னிய வாங்குனா அது விருந்து, தீர்வு இல்ல."

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். மலைக்காரர்தான், எழுதப் படிக்கத் தெரியாதவர்தான், ஆனால் நியாயம் தெரியாதவர் இல்லை. "வாத்தியாரும் இந்தத் தீவுக்காரன். தெரிஞ்சே ஏத்துனாருன்னா குத்தம் அவருது. அவரு தரட்டும், பொண்ணு நாளைக்கே படியேறட்டும். வெள்ளிக்கிழம வரேன். அவரு வாயால சொல்லட்டும்."

ஒரு வார்த்தை. 'ஆமாம், தெரிந்தே செய்தேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் போய்க் கெஞ்சினேன். எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை. அந்த மனிதரிடம் கெஞ்சினேன்.

"நான் பாடம் நடத்துனேன் டீச்சர்" என்றார் அவர். "இந்தக் காட்டுத்தனமெல்லாம் எனக்குக் கிடையாது. கிடையாததுக்கு நான் எதுக்குப் பன்னி தரணும்?"

இதை நெஸ்டாவிடம் சொன்னேன். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பிசைவது நின்றது.

"கிடையாதாமா?" என்றாள். "அப்போ ஏண்டி தெனமும் சேத்துல நடக்குறான்?"

அவள் முகத்தில் அந்த வாரத்தில் முதல்தடவையாக வெளிச்சத்தைப் பார்த்தேன். சொல்லக்கூடாது, எனக்கும் நெஞ்சு குளிர்ந்தது. மாட்டினான் பயல் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை திடலில் ஊரே கூடியிருந்தது. இரோமேயாவும் ஆட்களும் ஒரு பக்கம். க்ளெமென்ட் சார் வெளுத்த சட்டையும் பூட்ஸுமாக எதிரில். மெரோலின் என் பக்கத்தில் நின்றாள். கடிகாரம் சட்டையில் தொங்கியது. "டீச்சர், உங்க கைய குடுங்க" என்று என் நாடியைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை எத்தனை நாள் தாங்குவேன் என்று சொல்லவில்லை.

"தெரிஞ்சு செஞ்சியா?" என்று கேட்டார் இரோமேயா.

"எனக்கு அந்த நம்பிக்கையே இல்ல" என்றார் க்ளெமென்ட் சார். "இல்லாதப்ப தெரிஞ்சு என்ன, தெரியாம என்ன?"

அப்போது நெஸ்டா வந்தாள். தோளில் கயிறு, கையில் ஈரத் துணி மூட்டை. யாரிடமும் எதுவும் பேசாமல், திடலுக்கு நடுவே இரண்டு பலாமரங்களுக்கு இடையில் கயிற்றைக் கட்டினாள். தன் பாவாடைகளை ஒவ்வொன்றாக உதறி அதில் போட்டாள். உள்பாவாடையையும் போட்டாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இளவட்டங்கள் எழுந்து தள்ளிப்போய் நின்றார்கள்.

"சார், இதுக்குக் கீழ போயிட்டு வாங்க" என்றாள். "நம்பிக்கதான் இல்லையே! போங்க. சேறு கூட இல்ல பாருங்க, நல்ல புல்லு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. "பூட்ஸக் கழட்டிட்டா, போட்டுக்கிட்டா சார்?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். க்ளெமென்ட் சாரின் மேலுதட்டில் வியர்வை பூத்தது. கயிற்றைப் பார்த்தார், பன்றிப் பட்டிப் பக்கம் பார்த்தார். பழகின கால் அந்தப்பக்கம் ஒரு எட்டுக்கூட வைத்துவிட்டது. நான் மெரோலினின் கையை அழுத்தினேன்.

இரோமேயா பாக்கைத் துப்பினார். "சுத்திப் போனா நீயும் எங்க ஆளு. பன்னிய நாளைக்குக் கொண்டா. கீழ போனா நீ எங்க ஆளே இல்ல. உங்கிட்ட எதையும் கேக்கமாட்டேன். போ."

கேட்கமாட்டேன் என்ற சொல் அந்த ஆளின் காதில் விழுந்ததை நான் பார்த்தேன். கண்ணை மூடினார். தலையைக் குனிந்தார். நடந்தார்.

நெஸ்டாவின் உள்பாவாடையின் ஈர விளிம்பு அவர் தலைமுடியைத் தடவிக்கொண்டு போனது. அந்தப்பக்கம் போய் நிமிர்ந்து, திரும்பி, "பாத்தீங்களா? ஒண்ணும் ஆகல" என்றார். குரல் பூனைக்குட்டி போலக் கீச்சென்று வந்தது.

இரோமேயா அவர் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு இன்றுவரை மலைக்காரர்கள் யாரும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. "இதுகிட்டக் கேக்க ஒண்ணுமில்ல" என்றார். "நாய் கால் பட்டுடுச்சுன்னு நாய்கிட்டயா தீர்வு கேப்போம்?" பிறகு நெஸ்டாவைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. பொய் சொல்லமாட்டேன், கலங்கித்தான் இருந்தது. "நீயே முடிச்சுட்டியேம்மா. குத்தம் இப்ப உம்பொண்ணோடது மட்டுந்தான்."

நெஸ்டா புல்லில் உட்கார்ந்துவிட்டாள். மேலே அவள் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அன்று சாயங்காலம் பவளப்பாறைக் குட்டையில் க்ளெமென்ட் சார் ஒரு முழு சோப்பையும் மணலையும் போட்டுத் தலையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தோல் உரிந்துவிடும் போலத் தேய்த்தார். நான் கல்லெடுத்து எறிந்தேன். படவில்லை, வயிற்றெரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போய் நின்றேன். "என் வீட்டுத் திண்ணையில உக்காந்து எழுதட்டும், நான் பாத்துக்குறேன்" என்றேன். "பரீட்ச நடக்குற எடத்துலதான் எழுதணும், விதி" என்றார். "விதியா? நாசமாப் போ" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை எல்லாப் பிள்ளைகளும் படியேறினார்கள். மெரோலின் படியேறவில்லை. பாவாடையை முழங்காலில் செருகிக்கொண்டு, பென்சிலை வாயில் கவ்விக்கொண்டு, குனிந்து, பந்து உருண்டுபோகிற இடத்துக்குள் நுழைந்தாள். தரையில் ஏறக்கூடாது என்றுதானே சொன்னார்கள்! கீழே இருப்பதற்குப் பெண்ணுக்குத் தடை ஒன்றும் இல்லை. ஒரு பலகையை மடியில் வைத்துக்கொண்டு, ஆறாம் வகுப்புக்கு நேர் கீழே உட்கார்ந்து, மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் பொடிசுகளுக்கு அன்று விடுமுறை. நான் வாசலில் நின்றேன். அனிசி பாயில் உட்கார்ந்து வினாத்தாளைப் பார்த்தான். எழுதவில்லை. பலகைகளுக்கு நடுவே விரல் நுழைகிற இடுக்கு ஒன்று அவன் காலருகே இருந்தது. தாளை நீளவாக்கில் மடித்து, அந்த இடுக்கில் விட்டான். கீழேயிருந்து இழுக்கிறாள் போலிருக்கிறது, பாதித் தாள் இறங்கிவிட்டது.

க்ளெமென்ட் சார் வந்து பூட்ஸ் காலை அந்த இடுக்கின் மேல் வைத்தார்.

மிதிக்கவில்லை, வைத்தார், அவ்வளவுதான். கீழே இழுப்பு நிற்கவில்லை. சற்று நேரத்தில் தாள் கிழிகிற சத்தம் கேட்டது. மேலே அனிசியிடம் பாதி, கீழே அவளிடம் பாதி. இரண்டு பேருமே அன்று விடைத்தாள் கொடுக்கவில்லை. மணியடித்த பிறகு மெரோலின் அந்தப் பாதித் தாளில் இருந்த கேள்விகளுக்கெல்லாம் விடை எழுதிக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். ஒன்றுகூடத் தப்பில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் என் நாடியைப் பார்த்தாள்.

பரீட்சைக்குப் பிறகும் பள்ளி சில வாரம் நடந்தது. அவள் நிற்கவில்லை. காலையில் அம்மாவுக்கு மாவு பிசைந்து கொடுத்துவிட்டு, கடிகாரத்தைக் குத்திக்கொண்டு, அடியில் வந்து உட்கார்ந்துவிடுவாள். பந்து உருண்டுவந்தால் வெளியே தள்ளிவிடுவாள். பையன்களை மிரட்டுவதும் பாக்கு கேட்பதும் நின்றுபோயிற்று. க்ளெமென்ட் சார் அங்கே ஒரு பிள்ளை இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஒருநாள் அவருக்கு உதாரணம் தேவைப்படும் வரைக்கும்.

அன்று பாடம் 'அண்டர்'. மேசைக்கு அடியில், மரத்துக்கு அடியில், தலைவனுக்கு அடியில். பிரம்பு இருந்தது. பிள்ளைகள் முனகினார்கள். திடீரென்று பூட்ஸ் காலால் பலகையைத் தட்டினார். "கண்ணு முன்னாலயே இருக்கே! எல்லாரும் சொல்லுங்க. மெரோலின் இஸ் அண்டர் த ஃப்ளோர்."

இந்தத் தடவை சொன்னார்கள். பிரம்புக்குப் பயந்து, ஒரே குரலில், தட்டிச் சுவர் அதிரச் சொன்னார்கள். அனிசியின் உதடுகூட அசைந்தது. தட்டி வழியாக நான் பார்த்தேன்.

கோஷம் அடங்கியதும் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் அந்த அதிகாரி பேசினமாதிரியே சுத்தமாக உச்சரித்து வந்தது.

"ஐ ஆம் அண்டர் த ஃப்ளோர்."

க்ளெமென்ட் சார் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருந்தார். "வெரி குட்" என்றார். பிறகு அடுத்த வாக்கியத்துக்குப் போனார்.